பதினைந்தாவது பெட்டி

சுடுதளத்தில் அவளை எல்லோரும் தோட்டாக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். வருகைப் பதிவேட்டில் அவளுக்கென்று ஒரு பெயர் இருக்கத்தான் செய்தது. அதைச் சொல்லி யாராவது அழைத்தால், வேறு யாரையோ தேடுகிறார்கள் போலிருக்கிறது என்று அவளே பின்னால் திரும்பிப் பார்ப்பாள்.

ராணுவம் வாங்கப்போகும் துப்பாக்கிகளை முதலில் சுட்டுப் பார்க்கிற இடம் அது. தகரக் கூரை போட்ட நீள அறை, அதற்கு அப்பால் முந்நூறு மீட்டர் வெற்று மண், கடைசியில் ஒரு மண்மேடு. அறையின் மூலையில் துத்தநாகத் தகடு அடித்த மேசை ஒன்று உண்டு. அதுதான் இருபத்தொரு வருடமாக அவளுடைய ராஜ்ஜியம். பெட்டியை உடைத்துத் தோட்டாக்களை மேசையில் கொட்டுவாள். ஒன்றொன்றாய் மேகசின் என்கிற தோட்டாக்கூட்டுக்குள் அழுத்துவாள். மறுநாள் காலை சுடுவதற்கு முதல் நாள் மாலையே நிரப்பி வரிசையாக அடுக்கிவிட்டுப் போகவேண்டும். அவ்வளவுதான் வேலை. கேட்பதற்குச் சுலபம். முதல் மாதம் அவள் கட்டைவிரல் நகம் கறுத்து விழுந்தது.

அவள் எண்ணுவதில்லை. கை எண்ணும். ஒரு பிடிக்கு ஏழு தோட்டா வரும். நாலு பிடி போட்டால் ஒரு மேகசின் முடிந்தது. பேசிக்கொண்டே போடுவாள், கொட்டாவி விட்டுக்கொண்டே போடுவாள். ஒருநாள் பல்வலியில் அழுதுகொண்டே முந்நூறு மேகசின் போட்டிருக்கிறாள். கை ஒருபோதும் தப்பியதில்லை.

நாலேழு இருபத்தெட்டு. மேகசினில் முப்பது போடலாம். அந்த இரண்டு எங்கே போயிற்று என்றால், அது ஒரு காதல் கதை.

அவள் கணவர் அதே ஊரிலிருந்த துப்பாக்கித் தொழிற்சாலையில் ஸ்பிரிங் சுற்றுகிறவர். மேகசினின் அடியில் உட்கார்ந்து தோட்டாக்களை மேலே தள்ளிக்கொண்டே இருக்குமே, அந்த ஸ்பிரிங். கல்யாணமாகி மூன்றாவது மாதம் அவள் இந்த வேலைக்குச் சேர்ந்தாள். அன்று மாலை அவளுடைய வீங்கிய கட்டைவிரலைக் கையில் பிடித்துக்கொண்டு அவர் சொன்னார்: "முப்பதையும் போட்டு அமுக்காதே. ஸ்பிரிங்குக்கு மூச்சு முட்டும். ரெண்டு குறைச்சுப் போடு. என் ஸ்பிரிங்கும் பிழைக்கும், உன் விரலும் பிழைக்கும்."

அதை அவர் கண்டுபிடிக்கவில்லை. பழைய துப்பாக்கி வைத்திருந்த சிப்பாய்கள் எல்லோருமே இரண்டு குறைத்துத்தான் போட்டார்கள். எந்தப் புத்தகத்திலும் எழுதாத பழக்கம். எல்லோருக்கும் தெரியும் என்பதால் யாரும் அதைப் பேசுவதில்லை. அவளுக்கு மட்டும் அது புருஷன் சொன்ன வார்த்தை. இருபத்தொரு வருடம் விரல் நுனியில் வைத்துக் காப்பாற்றினாள்.

இப்போது புதுத் துப்பாக்கிக்கு வருவோம்.

பழைய துப்பாக்கிக்கு வயதாகிவிட்டது, புதிது வேண்டும் என்று ராணுவம் கேட்டு எட்டு வருடம் ஆகியிருந்தது. முதல் டெண்டரில் ஒரே துப்பாக்கி இரண்டு அளவுத் தோட்டாவையும் சுடவேண்டும் என்று எழுதினார்கள். உலகத்தில் எவனிடமும் அப்படி உருப்படியாக ஒன்றில்லை. ரத்து. இரண்டாவது டெண்டருக்கு ஒரே ஒரு கம்பெனி வந்தது. ஒருவன் மட்டும் ஓடினால் அது பந்தயமா என்று எதிர்க்கட்சி கேட்டது. அதுவும் ரத்து. மூன்றாவது டெண்டருக்கு மூன்று துப்பாக்கிகள் வந்தன. இரண்டு வெளிநாடு, ஒன்று உள்ளூர்த் தொழிற்சாலையுடையது.

"நம்ம நாட்டுக்கு நம்ம துப்பாக்கி" என்று அமைச்சர் பேசிவிட்டுப் போனார். தொழிற்சாலை வாசலில் அவர் சிரிக்கிற படத்தோடு ஆளுயரப் பலகை நின்றது. ஆர்டர் கிடைத்தால் பத்து வருடத்துக்கு வேலை. கிடைக்காவிட்டால் தற்காலிகத் தொழிலாளர்கள் நாற்பது பேரும் வீட்டுக்கு. அந்த நாற்பதில் ஒருவர் அவளுடைய நாத்தனாரின் கணவர்.

"அண்ணி, உங்க கையிலதான் எங்க வீட்டு அடுப்பே இருக்கு" என்பாள் நாத்தனார், பாதி விளையாட்டாக. "ஏதாவது பார்த்துப் போடுங்க."

"நான் தோட்டாதான் போடுறேன், ஓட்டா போடுறேன்?" என்று இவளும் சிரிப்பாள்.

சோதனை பதினேழு நாள் நடந்தது. துப்பாக்கிக்கு நூறு மேகசின். சுட்டவர் ரெட்டைக்கண். மற்றவர்கள் ஒரு கண்ணை மூடிக் குறிபார்க்க, இவர் இரண்டையும் திறந்துகொண்டு சுடுவார். அதனால் அந்தப் பெயர். இருபது வருடம் பட்டாளத்தில் இருந்தவர். மேகசின் இருபத்தெட்டில் தீர்ந்தால் அவர் கைக்கு அது வித்தியாசமாகவே படாது. பக்கத்தில் இருந்த எழுத்தர் ஒவ்வொரு மேகசின் முடிந்ததும் "முப்பது" என்ற கட்டத்தில் ஒரு கோடு கிழித்தார். படிவத்தில் அந்தக் கட்டம் அச்சிலேயே அப்படித்தான் இருந்தது.

முடிவும் வந்தது. நூறு மேகசினில் ஆறு தடவைக்கு மேல் தோட்டா சிக்கக்கூடாது என்பது விதி. வெளிநாட்டுத் துப்பாக்கிகள் நாலும் ஐந்தும். உள்ளூர்த் துப்பாக்கி மூன்றே தடவை. ஊரில் ஆளுக்கு ஆள் கைகுலுக்கினார்கள். வியாழக்கிழமை அறிக்கையில் எல்லோரும் கையெழுத்திட்டு அனுப்பவேண்டியது, திங்கட்கிழமை அமைச்சர் வந்து ஒப்பந்தம் போடவேண்டியது என்று நாளும் குறித்தாயிற்று.

செவ்வாய்க்கிழமை மதியம் அவள் மேசையைத் துடைத்துவிட்டு, காலிப் பெட்டிகளைக் கிடங்குக்கு அனுப்ப அடுக்கினாள். பெட்டிக்கு அறுநூறு தோட்டா. மூன்று துப்பாக்கிக்கும் சேர்த்து ஒன்பதாயிரம், பதினைந்து பெட்டி வாங்கியிருந்தாள். பதினான்கு காலிப் பெட்டிகளை அடுக்கினாள். பதினைந்தாவதைத் தூக்கப் போனவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. பெட்டி கனத்தது. குனிந்து பார்த்தாள். ஈய முத்திரை உடையவே இல்லை.

முதலில் கிடங்குக்காரர் கூடுதலாகக் கொடுத்துவிட்டார் என்று நினைத்தாள். ரசீதைப் பார்த்தாள். பதினைந்துதான். பெட்டியின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள். நூறு மேகசினுக்கு இரண்டு இரண்டாக இருநூறு. மூன்று துப்பாக்கிக்கு அறுநூறு. கட்டைவிரலைப் பார்த்தாள். பெற்ற பிள்ளை திருடிவிட்டு வந்து எதிரில் நிற்பதுபோல் இருந்தது.

மேசையில் உள்ளூர் மேகசின் ஒன்று கிடந்தது. பெட்டியின் முத்திரையை உடைத்து நாலு பிடி போட்டாள். பிறகு இருபத்தொன்பதாவதை வைத்து அழுத்தினாள். முப்பதாவதற்கு இரண்டு கட்டைவிரலும் வேண்டியிருந்தது. அரைமணி கழித்து எல்லாவற்றையும் வெளியே தள்ளினாள். முதல் இருபது துள்ளி வந்தன. கடைசி ஐந்தாறு சோம்பேறி மாதிரி மெல்ல எழுந்து வந்தன. வெளிநாட்டு மேகசினில் அதையே செய்தாள். கடைசித் தோட்டாவும் பளிச்சென்று வந்து விரலில் இடித்தது.

கிடங்குக்காரரிடம் ஒரு வார்த்தை சொல்லிப் பார்த்தாள். அவர் காது குடைந்துகொண்டே சொன்னார்: "மிச்சம் வந்ததுக்கு அழற ஒரே ஆளு நீதாம்மா. குறைஞ்சாத்தானே எனக்குத் தலைவலி? வெச்சிட்டுப் போ."

அன்று மாலை சமையலறையில், கணவர் கைகால் கழுவிவிட்டு வந்து உட்கார்ந்ததும் சொன்னாள். அவர் தட்டில் கை வைத்தபடியே கேட்டார். அவள் எதிர்பார்த்த ஆச்சரியம் அந்த முகத்தில் வரவில்லை. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

"என்னங்க, உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்கு என்ன தெரியும்? சோத்தைப் போடு."

"ஸ்பிரிங் சோர்ந்து போகுதுங்க. முப்பதைப் போட்டு ஒரு ராத்திரி வெச்சா கடைசித் தோட்டா மேல வராது. என் விரலுக்குத் தெரியாதா?"

அவர் தட்டைத் தள்ளி வைத்தார். "எல்லாத்துக்கும் இருபத்தெட்டுதானே போட்டே? நம்மதுக்கு மட்டும் குறைச்சியா?"

"இல்லை."

"அப்ப எவனுக்கும் அநியாயம் இல்லை. வியாழக்கிழமை கையெழுத்தைப் போட்டுட்டு வா."

"தாள்ல முப்பதுன்னு இருக்கே."

"தாள்ல என்னென்னவோதான் இருக்கு!" அவர் குரல் உயர்ந்தது. "நாப்பது குடும்பம்டி. என் தங்கச்சி வீடு அதுல ஒண்ணு. வெண்ணெய் திரளுற நேரத்துல தாழியை உடைக்கப் போறியா?"

"புதுசா சேருற பையனுக்கு ரெண்டு குறைச்சுப் போடணும்னு யாருங்க சொல்லித் தருவா? அவன் முப்பது போட்டுட்டு எங்கயோ நின்னு..." புடவைத் தலைப்பை வாயில் அழுத்திக்கொண்டாள்.

அவர் எழுந்து போய்விட்டார். தட்டில் சோறு அப்படியே இருந்தது.

புதனும் போயிற்று. வியாழக்கிழமை காலை சோதனைக் குழுத் தலைவரான கர்னலின் அறைக்கு வெளியே கையெழுத்துப் போட வரிசை நின்றது. ஓய்வுக்கு மூன்று மாதம் இருந்த மனிதர் அவர். மேசைமேல் அறிக்கை, பக்கத்தில் ஆறிப்போன தேநீர். அவள் முறை வந்தபோது பேனாவை வாங்கவில்லை.

"சார், இதுல நான் கையெழுத்துப் போட முடியாது. தப்பு என்னுது."

எல்லாவற்றையும் சொன்னாள். கர்னல் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

"ஏம்மா, இதை இன்னிக்குத்தான் சொல்லணுமா? திங்கக்கிழமை மந்திரி வராரு. பந்தல் போட்டாச்சு."

"செவ்வாய்க்கிழமைதான் சார் எனக்கே தெரிஞ்சது. நேத்து பூரா தைரியம் வரலை."

கர்னல் ரெட்டைக்கண்ணைப் பார்த்தார். "நீ சுட்டவன்தானே? உனக்குத் தெரியலையா?"

"சார், பட்டாளத்துல முப்பது போட்டவனை நான் பார்த்ததே இல்லை. நீங்க போட்டிருக்கீங்களா சார்?"

கர்னல் வாயைத் திறந்தார். மூடிக்கொண்டார். அறையில் யாரோ சிரிப்பை இருமலாக மாற்றினார்கள். ஒரு நாட்டின் ராணுவமே ஊமை கண்ட கனாவாக வைத்திருந்த விஷயம் அந்த அறையில் முதல் தடவையாக வார்த்தையாயிற்று.

கர்னல் அறிக்கையை மடித்து இழுப்பறையில் போட்டார். "நாளைக்கு எல்லாக் கம்பெனிக்காரனையும் வரச்சொல்லு. ஆளுக்கு இருபது மேகசின். முப்பது முப்பதா போடு. என் முன்னால போடு."

அன்று மாலை, கர்னல் பார்த்துக்கொண்டு நிற்க, அவள் வாழ்க்கையில் முதல் தடவையாக வாய்விட்டு எண்ணி அறுபது மேகசின் நிரப்பினாள். கை நாலாவது பிடியில் தானாக நின்றது. ஒவ்வொரு முறையும் அதை அதட்டி இன்னும் இரண்டை எடுக்கவைத்தாள்.

வெள்ளிக்கிழமை நடந்ததை நீட்ட வேண்டியதில்லை. வெளிநாட்டுத் துப்பாக்கிகளில் ஒன்று ஒரு தடவை சிக்கியது, மற்றது இரண்டு. உள்ளூர்த் துப்பாக்கி இருபது மேகசினில் ஒன்பது தடவை நின்றது. ஒவ்வொரு தடவையும் கடைசி நாலைந்து தோட்டாவில். ரெட்டைக்கண் கையைத் தூக்கிக் காட்டும்போதெல்லாம் தொழிற்சாலை மேனேஜர் கண்ணை மூடிக்கொண்டார். அவளும்தான்.

பேருந்து நிறுத்தத்தில் வெளிநாட்டுக் கம்பெனி ஒன்றின் ஏஜென்ட் அவளைப் பிடித்துக்கொண்டார். வருவதற்கு முன்னால் அவர் வாசனை வந்துவிடும் என்பதால் சுடுதளத்தில் அவருக்கு சென்ட்டு என்று பெயர்.

"அம்மா, உங்களை மாதிரி நேர்மையானவங்களாலதான் நாடு..."

"சார், காத்து இந்தப் பக்கமா அடிக்குது. கொஞ்சம் அந்தப் பக்கம் நில்லுங்க."

அவர் சிரித்துக்கொண்டே கும்பிடு போட்டார். எதிர்க் கடையில் சோப்பு வாங்கிக்கொண்டிருந்த நாத்தனார் அந்தக் கும்பிடை மட்டும் பார்த்தாள். பிறகென்ன, பேச்சுக்குக் கால் முளைத்தது. வீட்டு வாசலில் செருப்பைக்கூடக் கழற்றாமல் வந்து நின்றாள் நாத்தனார்.

"என்ன குடுத்தான் அந்த சென்ட்டு? எங்க வயித்துல அடிக்கறதுக்கு என்ன விலை பேசினீங்க?"

"அம்மாடி, சத்தியமா..."

"அம்மாடியாம்! இனிமே என்னை அப்படிக் கூப்பிடாதீங்க."

கணவர் உள்ளறையில்தான் இருந்தார். வெளியே வந்து தங்கையையும் அடக்கவில்லை, மனைவிக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அன்றிலிருந்து அவர் வாயே திறக்கவில்லை. சாப்பாட்டை மூடி வைத்தால் எடுத்துச் சாப்பிடுவார். சட்டை எங்கே என்றுகூடக் கேட்கமாட்டார். அவரே தேடிக்கொள்வார். திட்டினால் திருப்பித் திட்டலாம். சுவரோடு எப்படிச் சண்டை போடுவது?

மேலிடத்தில் வேறு கூத்து. திங்கட்கிழமை பந்தலைப் பிரித்தார்கள். முதல் சோதனை இருபத்தெட்டில், இரண்டாவது முப்பதில், ஒரே டெண்டருக்கு இரண்டு அளவுகோல் செல்லாது என்று ஒரு சட்ட ஆலோசகர் குறிப்பு எழுதினார். பதினைந்தாம் நாள் டெண்டரே ரத்தாயிற்று. தொழிற்சாலை அந்த நாற்பது பேரையும் வீட்டுக்கு அனுப்பியது. வென்றதாக நினைத்த சென்ட்டு முதல் விமானத்தில் புறப்பட்டுப் போனார். எதிர்க்கட்சி "இருபத்தெட்டு ஆட்சி" என்று சுவரெல்லாம் எழுதியது. இது அந்நியச் சதி என்றார் அமைச்சர். நாலாவது டெண்டருக்குப் புதிய நிபந்தனைகள் எழுத ஒரு குழு போட்டார்கள். யானை வாங்கப் போனவர்கள் மறுபடி அங்குசத்தின் நீளத்தைப் பேச உட்கார்ந்தார்கள். எல்லையில் நின்றவன் தோளில் அதே பழைய துப்பாக்கி.

அவளுக்கு விளக்கம் கேட்டு ஒரு தாள் வந்தது. "பழக்கத்தால் நேர்ந்த தவறு. மன்னிக்கவும்" என்று இரண்டு வரி எழுதிக்கொடுத்தாள். மேசையைப் பறித்தார்கள். மண்மேட்டுக்கு அடியிலுள்ள குழியில், ஓட்டை விழுந்த இலக்கு அட்டைகளுக்குக் காகிதம் ஒட்டும் வேலை. பசையில் விரல் ஊறிப்போயிற்று. வருத்தமில்லை. செய்த தப்புக்குக் கிடைத்தது என்று ஏற்றுக்கொண்டாள். வீட்டிலிருந்த மௌனத்தைத்தான் அவளால் ஏற்க முடியவில்லை.

அவர் பேச்சை நிறுத்திய நாற்பத்தோராம் நாள், துப்பாக்கி ஒன்பது தடவை சிக்கியது ஏன் என்று தொழிற்சாலையில் விசாரணை நடந்தது. அங்கே நடந்ததை அவளுக்கு வந்து சொன்னவர் ரெட்டைக்கண். சாட்சியாக அவரையும் கூப்பிட்டிருந்தார்கள். ஒரு மணிக்குக் குழிக்குள் இறங்கி, மூச்சு வாங்கச் சொன்னார்.

"தோட்டாக்கா, உன் வீட்டுக்காரர் எழுந்து நின்னாரு. மேனேஜர், யூனியன்காரன், வேலை போன நாப்பது பேரு, எல்லாரும் இருக்காங்க. ஸ்பிரிங் கம்பியைப் போன வருஷம் மாத்திட்டாங்கன்னாரு. சுத்தும்போதே கைக்கு மெத்துனு இருந்துச்சாம். ஆர்டர் போயிடுமேன்னு வாயைத் திறக்கலையாம்."

அவள் கையிலிருந்த பசைத் தூரிகை அப்படியே நின்றது. "அப்புறம்?"

"உன் தம்பிமுறை ஆளு, அதான் அவர் தங்கச்சி புருஷன், கத்தினாரு. 'உங்க பொண்டாட்டியால எங்க பொழப்பு போச்சு'ன்னு. அதுக்கு உன் வீட்டுக்காரர் சொன்னாரு..." ரெட்டைக்கண் குழிச் சுவரில் சாய்ந்துகொண்டார். "'அவ ரெண்டு தோட்டாவை மறந்தா. மறந்தது தெரிஞ்சதும் ஓடிப்போய்ச் சொன்னா. நான் ஒரு வருஷமா தெரிஞ்சே மறைச்சேன். கோவம் வந்தா என் மேல வரணும். ரெண்டு குறைச்சுப் போடுன்னு அவளுக்குச் சொல்லிக்குடுத்ததும் நான்தான்'னாரு."

அவள் அரைநாள் விடுப்பு எழுதிக்கொடுத்துவிட்டு ஓடினாள். பேருந்து வர நேரமாயிற்று. நடந்தாள், பிறகு ஓடினாள்.

கதவு திறந்திருந்தது. அவர் சமையலறையில் உட்கார்ந்திருந்தார். வேலைநேரத்தில் அவரை வீட்டில் பார்ப்பதே புதிதாக இருந்தது. அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"பசிக்குது" என்றார் அவர்.

நாற்பத்தொரு நாளுக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை. அவள் அங்கேயே உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அவர் தடுக்கவில்லை. கொஞ்ச நேரம் கழித்து, "அழுதுட்டே சோறு போட முடியும்னா போடேன். காலையிலேர்ந்து ஒண்ணும் சாப்பிடலை" என்றார்.

அழுகைக்கு நடுவில் அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. எழுந்து தட்டை வைத்தாள்.

"வேலை?"

"ஒரு மாசம் சஸ்பெண்ட். கம்பி வாங்கின ஆபீசரையும் வெளியே உட்காரவெச்சிட்டாங்க. மறுபடி பழைய கம்பியையே வாங்கணும்னு மேனேஜர் எழுதிப்போட்டிருக்காரு. நாலாவது டெண்டர் எப்ப வருமோ, அதுக்குள்ள சரியா ஒண்ணு சுத்திக் குடுத்துடலாம்."

"உங்க தங்கச்சி?"

"அவ கோவம் தீர நாளாகும். அவ புருஷனைத் திருப்பி எடுக்கறாங்களான்னு பார்ப்போம். எடுக்கலைன்னா..." அவர் சோற்றைப் பிசைந்தபடி நிறுத்தினார். "எடுக்கலைன்னா நாமதான் அந்த வீட்டையும் பார்த்துக்கணும்."

"பார்த்துக்கலாம்" என்றாள் அவள்.

அவர் நிமிர்ந்து அவள் கையைப் பார்த்தார். பசை காய்ந்து விரலெல்லாம் வெள்ளை வெள்ளையாக உரிந்திருந்தது. "உனக்குப் போடலையா? நீயும் உட்காரு" என்று தன் பக்கத்திலிருந்த பலகையைக் காலால் நகர்த்திப் போட்டார்.